புது செயின் போட்டும் மரம் அறுபடவில்லையா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அறுக்க ஒரு 58 சிசி மரம் அறுக்கும் மெஷின் வாங்கினேன். 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). போன மாதம் செயின் அறுந்துவிட்டது. கடையில் "22 அங்குல செயின்" என்று கேட்டு வாங்கி மாட்டினால் கடகடவென்று சத்தம், பாரை விட்டு அடிக்கடி கழன்றுவிடுகிறது. செயின் டூப்ளிகேட்டா? — வாசகர், பேராவூரணி

பதில்: செயின் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் மெஷினுக்கானது இல்லை. வெறும் அங்குலத்தைச் சொல்லி செயின் வாங்கவே கூடாது. சேற்று வயல் டயரும் ரோட்டு டயரும் ஒரே உயரம் இருந்தால் மாற்றி மாட்டிவிடுவீர்களா? கடையில் மூன்று எண்கள் சொல்ல வேண்டும்: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை. பாரைக் கழற்றி, மெஷினோடு சேரும் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே பொறித்திருக்கும். உங்களுடையது போன்ற 58 சிசி மெஷினில் 22 அங்குல பார் என்றால் பெரும்பாலும் .325 அங்குல பிட்ச், .058 அங்குல கேஜ், 86 லிங்க் என்று வரும். ஆனாலும் உங்கள் பாரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எழுத்து அழிந்திருந்தால் பழைய செயினே சொல்லும். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து பாதியாக்கினால் அதுதான் பிட்ச். அந்த மூன்று ரிவெட் நீளம் 16 மில்லிமீட்டர் சொச்சம் வந்தால் .325, 19-ஐ ஒட்டி வந்தால் 3/8. கேஜ் என்பது பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கீழ்ப்பல்லின் தடிமன். .058 பள்ளத்தில் .063 செயின் இறங்கவே இறங்காது. .050 செயின் சுலபமாக இறங்கிவிடும், சிக்கலே அதில்தான், உள்ளே ஆடிக்கொண்டே ஓடி வெட்டைக் கோணலாக்கும். டிரைவ் லிங்க் என்பது இந்தக் கீழ்ப்பல்தான். ஒன்றுவிடாமல் எண்ணுங்கள், ஆரம்பித்த இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் குழப்பம் வராது.

உங்களுக்குக் கேட்கும் கடகட சத்தத்துக்குப் பிட்ச் மாறியிருப்பதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், கீழ்ப்பல் ஸ்ப்ராக்கெட்டில் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) உட்காராமல் அதை அரைத்துக்கொண்டிருக்கிறது. உடனே கழற்றுங்கள். ஸ்ப்ராக்கெட்டையும் பாருங்கள், நகம் மாட்டும் அளவுக்கு, அதாவது அரை மில்லிமீட்டர் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றிவிட்டுத்தான் புது செயின் போட வேண்டும். தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புது செயினைச் சீக்கிரமே பழசாக்கிவிடும்.

கேள்வி: சீமைக்கருவேலம் வெட்டுகிறோம். அரை மணி நேரத்தில் செயின் மழுங்கிவிடுகிறது, தூள் தூளாகக் கொட்டுகிறது. நான்கு செயின் மாற்றிவிட்டோம். எந்தச் செயின் நிற்கும்? — வாசகர், முதுகுளத்தூர்

பதில்: நான்கு செயினையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் நல்லது, அநேகமாக நான்கையும் மீட்டுவிடலாம்.

கருவேலம் கெட்டி மரம்தான், ஆனால் செயினைத் தின்பது மரத்தைவிட மண். தூரோடு ஒட்ட அறுக்கும்போது பட்டையில் அப்பிய மணலும் செயினுக்குள் போகிறது, கீழே தரையில் ஒரு வினாடி பட்டால் போதும், மொத்தப் பல்லின் கூரும் போய்விடும். அரிவாளால் தூரைச் சுற்றிப் பட்டையைச் சீவிவிட்டு, ஒரு சாண் மேலே அறுங்கள். (தென்னைக்காரர்களுக்கும் சொல்கிறேன், தென்னையின் வெளி வைரம் நார்நாராகக் கெட்டியானது, சாதா மரத்தைவிடச் சீக்கிரம் கூர்மையை எடுத்துவிடும்.)

அப்புறம், பல்லின் வகை. முனை கூரான மூலையாக இருப்பது ஃபுல் சிசல், சுத்தமான மரத்தில் பறக்கும், மணல் பட்டால் உடனே படுத்துவிடும். மூலை உருண்டிருப்பது செமி சிசல், கொஞ்சம் மெதுவாக அறுத்தாலும் கூர் நின்று பிடிக்கும். உங்கள் வேலைக்கு செமி சிசல்தான், கேட்டு வாங்குங்கள்.

மழுங்கியதா என்று பார்க்க, பல்லின் விளிம்பை வெயிலில் பிடியுங்கள். மழுங்கியிருந்தால் வெள்ளி நூல் ஒட்டினதுபோல் ஒரு கோடு மின்னும். கூரான விளிம்பு மின்னாது. அந்தக் கோடு மறையும்வரை உருண்டை அரத்தால் தீட்ட வேண்டும், .325-க்கு 4.8 மில்லிமீட்டர் அரம், சின்ன மெஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைலுக்கு 4 மில்லிமீட்டர். பல்லின் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, 30 டிகிரி சாய்வில், தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தீட்டு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே.

இந்தச் சமத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஒரேகானில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946-இல் ஒரு வண்டுப் புழு கட்டையை இடமும் வலமுமாகக் கடித்துக் குடைவதைக் கவனித்துத்தான் இன்றைய செயின் பல்லின் வடிவத்தைக் கண்டுபிடித்தார். ஒரு பல் இடப்பக்கம் கடிக்க, அடுத்தது வலப்பக்கம் கடிக்கும். ஒரு பக்கப் பற்கள் குட்டையானால் வெட்டு நேராகப் போகாமல் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு வளையும், நாம் மெஷினைத் திட்டுவோம்.

இன்னொன்று, ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் சின்ன மேடு இருக்கும், பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று முடிவு செய்வது அதுதான். பல்லைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை மட்டும் தீட்டிக்கொண்டே போனால் மேடு உயர்ந்து நின்று, கூரான செயினும் தூள்தான் கொட்டும். அதற்காக ஆசைப்பட்டு அதிகம் தேய்த்துவிடாதீர்கள், மெஷின் மரத்தில் குதிக்கும், பார் நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டு முகத்துக்கு எகிறும் ஆபத்து கூடும்.

கேள்வி: மிளகுக் கொடி ஏற்றியிருக்கும் சில்வர் ஓக் மரங்களைக் கவாத்து செய்ய வைத்திருக்கும் மெஷின், மழைக்காலம் முடிந்து எடுத்தால் கயிறு இழுத்து இழுத்துக் கை போகிறது, ஸ்டார்ட் ஆவதில்லை. வேறு கம்பெனி வாங்கலாமா? எது நம்பகமானது? — வாசகி, தாண்டிக்குடி

பதில்: வாங்காதீர்கள் அம்மா, இப்போதைக்கு வேண்டாம். இரண்டு மூன்று மாதம் டேங்கில் பெட்ரோலோடு நின்ற மெஷின் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இதைத்தான் செய்யும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அது காற்றின் ஈரத்தை இழுக்கும். மலைக் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். பெட்ரோலும் பழசாகிப் பிசினாகி கார்புரேட்டரின் சின்ன வழிகளை அடைத்துக்கொள்ளும். பழையதைக் கொட்டிவிட்டு, கார்புரேட்டரைக் கழுவி, ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் சுத்தம் செய்யுங்கள். மெஷின் புத்தகத்தில் 50-க்கு 1 என்றிருந்தால் பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி டூ டி (டூ ஸ்ட்ரோக் என்ஜின்) ஆயில், 25-க்கு 1 என்றிருந்தால் 40 மில்லி. கண் மதிப்பில் ஊற்ற வேண்டாம். இனி மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

நம்பகம் பற்றிக் கேட்டீர்கள். ஒரு மணி நேரப் பயணத்தில் பாகம் கிடைக்கிறதா, பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா, நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். பேர் பெற்ற மெஷினை வாங்கி ஒரு சின்ன ரப்பர் குழாய்க்காக அறுவடை முழுக்கக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: செயின் ஆயிலுக்குப் பதில் டிராக்டரின் கழிவு ஆயில் ஊற்றலாமா? — வாசகர், உடுமலை

பதில்: வேண்டாம். அதில் இரும்புத் துகளும் கரியும் இருக்கும், பார் பள்ளத்தையும் ஆயில் பம்பையும் தேய்க்கும், கையிலும் முகத்திலும் வேறு தெறிக்கும். காசு இடிக்கிறது என்றால் புது என்ஜின் ஆயிலாவது ஊற்றுங்கள். எந்த ஆயிலானாலும் தினமும் வேலைக்கு முன் ஒரு காய்ந்த மட்டைக்கு நேரே, தொடாமல், பார் நுனியைக் காட்டிக் கொஞ்சம் ரேஸ் கொடுங்கள். மட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் மெஷினை அணைத்து, பாரைக் கழற்றி, ஆயில் ஓட்டையில் அடைத்திருக்கும் மரத்தூளைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு அப்புறம் அறுங்கள்.