நன்னீர் மீன் தொட்டியில் உப்பு போடலாமா?

எப்போதும் போட்டு வைக்கத் தேவையில்லை. நோய் வந்தால் மட்டும் போடுங்கள். துடுப்பிலும் உடம்பிலும் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் உப்பு நல்ல மருந்து. லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு. தனியாகக் கரைத்து, இரண்டு நாளில் பிரித்து ஊற்றுங்கள். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் என்ற நச்சு ஏறிய தொட்டிக்கும் உதவும். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் இரத்தத்தில் கலப்பதைத் தடுக்கும்.

செடி வைத்த தொட்டியில் தயவுசெய்து வேண்டாம், பல செடிகள் கருகிவிடும். கோரிடோரஸ், லோச் மீன்களும் உப்பை அவ்வளவாகத் தாங்காது. அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: தண்ணீர் ஆவியானாலும் உப்பு அங்கேயேதான் இருக்கும். அதனால் வற்றிய அளவுக்கு வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். குணமானதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றித்தான் உப்பை வெளியேற்ற முடியும்.