மாதக் கடைசி அறிக்கையை மறந்துவிட்ட பொறியாளருக்கு

கேள்வி: எட்டு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் பேக்எண்ட் பொறியாளராக, அதாவது பயனர் கண்ணில் படாத சர்வர் பக்கத்து நிரல்களை எழுதுபவராக இருக்கிறேன். ஜாவா மொழி, அதற்கான ஸ்பிரிங் பூட் கட்டமைப்பு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஆகியவற்றில்தான் பெரும்பாலான வேலை. இங்கே மேலே செல்ல வழியில்லை என்று தெரிந்ததால் மூன்று மாதங்களாக வேறு வேலை தேடுகிறேன். 70 இடங்களுக்கு விண்ணப்பித்ததில் 4 இடங்களிலிருந்து மட்டுமே அழைப்பு வந்தது. இரண்டில், புதிர் போன்ற கணக்குகளுக்கு நிரல் எழுதச் சொல்லும் அல்காரிதம் சுற்றிலேயே வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். மற்ற இரண்டும், ஒரு பெரிய மென்பொருள் அமைப்பை வடிவமைக்கச் சொல்லும் சிஸ்டம் டிசைன் சுற்றோடு முடிந்துவிட்டன. சென்ற ஆண்டு, மாதக் கடைசி அறிக்கை தயாராக 40 நிமிடம் ஆனதை 2 நிமிடமாகக் குறைத்தேன். அதைக்கூட இங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. சேவைகளைப் பல சர்வர்களில் இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸும் கோ என்ற நிரல்மொழியும் தெரியும் என்று ரெஸ்யூமேயில் சேர்த்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் படித்தால்தான் தேற முடியுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒரு சேவை பதில் தராமல் நின்றுவிட்டால், கோரிக்கை எந்த இடம்வரை வந்து சேர்ந்தது என்று, நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் பதிவுகளைப் பார்க்காமல் நீங்கள் நிரலில் கை வைக்க மாட்டீர்கள் அல்லவா? அதே ஒழுங்கை இங்கும் கடைப்பிடியுங்கள். 70 விண்ணப்பங்களில் 66, உங்களை யாரும் சந்திப்பதற்கு முன்பே நின்றுவிட்டன. அவற்றில் சில, ஏற்கெனவே ஆள் கிடைத்துவிட்ட பதவிகளாக இருந்திருக்கலாம் என்பதால் எல்லாப் பழியையும் உங்கள் மீது போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனாலும் அந்த 66 இடங்களிலும் உங்களுக்காகப் பேசியது ரெஸ்யூமே ஒன்றுதான்; உங்கள் அல்காரிதம் அறிவை அங்கே யாரும் சோதிக்கவே இல்லை. எஞ்சிய நான்கு மட்டுமே நேர்காணலில் நின்றவை. வேலையை விட்டுவிட்டுப் படிப்பது இந்த நான்குக்கு ஓரளவு மருந்தாகலாம். 66 அப்படியே இருக்கும்.

ரெஸ்யூமேயை நீங்கள் அனுப்பவில்லை, ஆயினும் அதன் நடுப்பகுதி எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது: "ஜாவா, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் ஆகியவற்றைக் கொண்டு மைக்ரோசர்வீஸ்களை உருவாக்கிப் பராமரித்தேன்." ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வரியை ஒரே நாளில் முப்பது பேரின் ரெஸ்யூமேயில் படித்த நாட்கள் உண்டு. அதில் பொய் எதுவும் இல்லை. எழுதியவர் யார் என்பதும் இல்லை. முகப்புப் பக்கங்களை உருவாக்குபவர் ஒரு திரையைக் காட்டி, இது நான் செய்தது என்று சொல்லிவிடலாம். உங்கள் தொழிலில் வேலை நன்றாக நடந்ததற்கு அடையாளமே, எதுவும் நடக்காமல் போவதுதான். நள்ளிரவில் சர்வர் விழவில்லை, பணம் இருமுறை பிடிக்கப்படவில்லை, அறிக்கை தாமதமாகவில்லை. நடக்காமல் போனதற்குச் சாட்சி கிடையாது. ஆகவே அதை எழுத்தில் கொண்டுவரும் பொறுப்பு உங்களுடையதாகிறது.

கடிதத்தின் நடுவில் ஒரு மனக்குறையாக நீங்கள் எழுதிய வாக்கியம்தான் அதில் உள்ள மிகச் சிறந்த வாக்கியம். 40 நிமிடம் 2 நிமிடமானது. அது ரெஸ்யூமேயில் இருக்கிறதா? இல்லை என்றே நினைக்கிறேன். நிறுவனத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஒன்றை நீங்களும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டீர்கள். அதை முதல் பக்கத்தின் மேற்பகுதிக்குக் கொண்டுவாருங்கள்: அறிக்கை ஏன் மெதுவாக இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எதை மாற்றினீர்கள், எவ்வளவு குறைந்தது என்று இரண்டே வரிகளில் எழுதுங்கள். காரணம் என்னவென்று நீங்கள் குறிப்பிடவில்லை. பெரும்பாலும் இத்தகைய அறிக்கைகளில், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தரவுத்தளத்திடம் தனித்தனியே ஒரு வினவல் அனுப்பும் சுழற்சி ஒளிந்திருக்கும். அல்லது சரியான இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அடைவு) இல்லாமல் முழு அட்டவணையும் வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். எதுவாயினும், அதைப் படிக்கும் பொறியாளர் நேர்காணலில் அங்கிருந்துதான் தொடங்குவார். வினவல் எங்கே நேரம் எடுக்கிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தீர்களா? புதிய இண்டெக்ஸால் பதிவுகளைச் சேர்க்கும் வேகம் குறைந்ததா? இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்து இண்டெக்ஸ் அமைத்திருந்தால் எதை முதலில் வைத்தீர்கள், ஏன்? வாடிக்கையாளர் எண்ணை முதலிலும் தேதியை அடுத்தும் வைத்த இண்டெக்ஸில் தேதியை மட்டும் கொண்டு தேடுவது, முதலெழுத்து தெரியாமல் இரண்டாம் எழுத்தை வைத்துக்கொண்டு அகராதியைப் புரட்டுவதைப் போன்றது என்று நீங்கள் விளக்கிவிட்டால், எட்டு ஆண்டு அனுபவம் என்று தனியாகச் சொல்லிக்கொள்ளத் தேவையிருக்காது.

இப்படி ஐந்தாறு நிகழ்வுகளையாவது நினைவுகூர்ந்து எழுதுங்கள். எண்கள் துல்லியமாக நினைவில் இல்லையென்றால் தோராயமாகச் சொல்லி, தோராயம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கற்பனை எண் வேண்டாம். வாடிக்கையாளர் பெயர், வருமானம், உள் அமைப்பின் வரைபடம் ஆகியவை உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை; விகிதங்களைச் சொன்னாலே போதும். அவற்றில் ஒன்று, உங்களால் நேர்ந்த ஒரு தவறாக இருக்கட்டும். புரொடக்ஷனில், அதாவது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் அமைப்பில், ஒன்றையும் உடைக்காத எட்டு ஆண்டு பேக்எண்ட் பொறியாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்படி ஒருவர் வந்தால் அவர் எதையும் தொட்டதில்லை என்றே நினைப்பேன்.

நண்பர் சொன்ன யோசனையை விட்டுவிடுங்கள். நேர்மை ஒருபுறம் இருக்கட்டும், அது பயன்படாத தந்திரம். குபெர்னெட்டிஸ் என்று எழுதிய ஒருவரிடம், ஒரு பாட் (அதில் இயங்கும் சேவையின் ஓர் அலகு) திரும்பத் திரும்ப விழுந்து எழுந்துகொண்டிருந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டால் போதும்; மூன்றாவது கேள்விக்குள் எல்லாம் வெளிப்பட்டுவிடும். அதன் பிறகு உண்மையாகவே உங்களுக்குத் தெரிந்தவற்றையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். வேறொரு குழு நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் உங்கள் சேவைகளை டிப்ளாய் செய்து இயங்க வைத்திருக்கிறீர்கள் என்றால், அதை அப்படியே எழுதுங்கள், அதற்கும் மதிப்புண்டு.

கருவிகளைப் பற்றிய அச்சத்துக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. கோ மொழி 2009இல் வெளிவந்தது. சேவைகளுக்கிடையே செய்திகளைக் கடத்தும் காஃப்கா 2011இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. நிரலைப் பொட்டலமாகக் கட்டி இயக்க உதவும் டாக்கர் 2013இலும் குபெர்னெட்டிஸ் 2014இலும் வந்தன. நீங்கள் அன்றாடம் புழங்கும், தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளத்தின் கோட்பாட்டைக் கணினி அறிவியலாளர் எட்கர் காட் வெளியிட்டது 1970இல். உங்கள் இண்டெக்ஸுக்கு அடியில் இருக்கும், தரவை வரிசையாக அடுக்கி வைக்கும் பி-மரம் பற்றிய ஆய்வுக் கட்டுரை அச்சானது 1972இல். மேலே இருப்பவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. அடியில் இருப்பவை அரை நூற்றாண்டைத் தாண்டியும் நிற்கின்றன, நீங்கள் எட்டு ஆண்டுகள் வேலை செய்திருப்பது அவற்றின் மீதுதான். புதிதாக ஒன்றைக் கற்கத்தான் வேண்டும் என்றால், உண்மையிலேயே சேர விரும்பும் 20 பதவிகளின் விளம்பரங்களை எடுத்து, எது அதிக முறை கேட்கப்படுகிறது என்று எண்ணிப் பார்த்து, அந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.

அல்காரிதம் சுற்றைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பல ஆண்டுகள் வேலை செய்தவரை 45 நிமிடத்தில் ஒரு புதிர் போட்டு அளப்பது மோசமான அளவுகோல் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சுற்று இருக்கிறது. என் அபிப்பிராயத்தைச் சொல்லி நீங்கள் அதைத் தாண்ட முடியாது. அதற்காக வேலையை விட வேண்டிய அவசியமும் இல்லை. நாள்தோறும் ஒரு மணி நேரம் என்று ஆறு முதல் எட்டு வாரங்கள் ஒதுக்கி ஹாஷ் மேப் (திறவுச்சொல்லைக் கொடுத்தால் மதிப்பை உடனே தரும் அமைப்பு), பைனரி தேடல் (வரிசையைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது), மரங்களிலும் கிராஃபுகளிலும் நடக்கும் தேடல் முறைகள், ஹீப் (மிகச் சிறியதையோ பெரியதையோ உடனே எடுக்க உதவும் அமைப்பு) ஆகியவற்றில் கையைப் பழக்கிக்கொண்டால் பெரும்பாலான நேர்காணல்களுக்குப் போதும். இவை உங்கள் வேலையிலிருந்து விலகியவை என்று எண்ண வேண்டாம். ஒரு லட்சம் பதிவுகளில் ஒரே மாதிரியானவற்றைக் கண்டுபிடிக்க இரண்டிரண்டாக ஒப்பிட்டால் ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள். ஹாஷ் மேப்பில் இட்டு ஒரே நடையில் பார்த்தால் ஒரு லட்சம் தேடல்கள். உங்கள் மாதக் கடைசி அறிக்கையில் நடந்திருக்கக்கூடியதும் ஏறக்குறைய இந்த வகைச் சிக்கனம்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது, வாயடைத்து உட்கார்ந்திருந்தேன் என்ற இடம். விடை தெரியாமல் போனதைவிட அந்த மௌனமே உங்களைத் தோற்கடித்திருக்கும் என்பது என் கணிப்பு. எதிரில் இருப்பவருக்கு உங்கள் மனத்துக்குள் நடப்பது தெரியாது. முதலில் மெதுவான வழியைச் சொல்லி, அது ஏன் மெதுவானது என்று விளக்கி, எங்கே நேரம் வீணாகிறது என்று உரக்க யோசிக்கப் பழகுங்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்யும்போதும் வாய்விட்டுப் பேசியே செய்யுங்கள். தவறு வந்துவிடுமோ என்ற அச்சமும் வேண்டாம். ஜாவாவின் சொந்த நூலகத்தில் இருந்த பைனரி தேடலிலேயே, நடு இடத்தைக் கணக்கிடும்போது இரண்டு எண்களின் கூட்டுத்தொகை, அந்த எண் வகை தாங்கும் எல்லையான சுமார் 214 கோடியைத் தாண்டினால் எதிர்மறையாகிவிடும் ஒரு பிழை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2006இல்தான் பரவலாகத் தெரியவந்தது.

சிஸ்டம் டிசைன் சுற்றில் தோற்றது எனக்கு வியப்பாக இருந்தது, ஏனெனில் அது உங்கள் சொந்தக் களம். கேள்வி வந்தவுடன் லோடு பேலன்சர் (சுமையைப் பங்கிடுவது), கேஷ் (தற்காலிகச் சேமிப்பு), கியூ (காத்திருக்கும் வரிசை) என்று பெட்டிகளை வரையத் தொடங்கிவிட்டீர்களோ என்று சந்தேகிக்கிறேன். பலரும் செய்வது அதுதான். முதல் ஐந்து நிமிடங்கள் கேள்வி கேளுங்கள். நாளொன்றுக்கு ஒரு கோடி கோரிக்கைகள் என்று அவர் சொன்னால், ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள் என்பதால் விநாடிக்கு 116 அளவில்தான் வருகிறது. உச்ச நேரத்தில் அது பத்து மடங்கானாலும், ஒவ்வொன்றும் எளிய வினவலாக இருந்தால், ஒழுங்காக அமைக்கப்பட்ட ஒரே தரவுத்தளம் தாங்கக்கூடிய சுமைதான். அந்த இடத்தில் தரவைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் தேவையில்லை என்று கணக்குடன் சொல்பவர், பத்துப் பெட்டிகள் வரைபவரைவிட உயர்ந்த இடத்தில் வைக்கப்படுவார். எத்தனை மணி நேரம் நின்றுபோகலாம் என்பதையும் கேளுங்கள். 99.9 சதவீத நேரம் சேவை இயங்க வேண்டும் என்றால் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம், 99.99 என்றால் 53 நிமிடத்துக்கும் குறைவு. இந்த இரண்டுக்கும் கட்ட வேண்டிய அமைப்புகள் முற்றிலும் வேறானவை.

அதன்பின் எதெல்லாம் உடையும் என்பதற்கு வாருங்கள். பணம் செலுத்தும் கோரிக்கை உங்கள் சர்வரில் நிறைவேறிவிட்டது, ஆனால் பதில் போய்ச் சேருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. கைபேசி அதே கோரிக்கையை மறுபடி அனுப்புகிறது. பணம் இருமுறை போகாமல் இருக்க, கோரிக்கையோடு ஒரு தனி அடையாளக் குறியீட்டை வாங்கி, அது ஒருமுறைக்கு மேல் பதிவாகாதபடி தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு வைக்க வேண்டும் என்பதை நீங்கள் ஏற்கெனவே எங்காவது செய்திருப்பீர்கள். சராசரி வேகத்தை நம்பக்கூடாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: நூற்றில் ஒருமுறை மட்டும் தாமதமாகும் சேவையை ஒரு பக்கம் நூறு முறை அழைத்தால், அந்த அழைப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், நூற்றில் 63 பக்கங்களாவது ஒரு தாமதத்தைச் சந்திக்கும். புத்தகத்தில் படித்தவரும் இவற்றைச் சொல்லலாம். "எங்கள் அமைப்பில் இது நடந்தபோது" என்று தொடங்க உங்களால்தான் முடியும்.

விண்ணப்பிக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. எட்டு ஆண்டுகளில் உங்கள் நிறுவனத்தை விட்டுப் போனவர்கள் பலர் இருப்பார்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்த அவர்களுடைய பரிந்துரை, முகம் தெரியாத நிறுவனத்துக்கு அனுப்பும் பல விண்ணப்பங்களைவிடப் பயன் தரும். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதாமல், அவர்கள் நிறுவனத்தில் திறந்திருக்கும் குறிப்பிட்ட பதவியையும் அதற்கு நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்பதையும் மூன்று வரிகளில் எழுதினால், அவர்கள் அதை அப்படியே முன்னனுப்பிவிடுவார்கள்.

வேலையை விட வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், உடல்நலம் கெடும் அளவுக்கு நிலைமை இல்லையென்றால், வேண்டாம் என்பதே. கையில் வேலை இருப்பவர் வருகிற முதல் வாய்ப்பையே பிடித்துக்கொள்ளாமல் நிதானமாகத் தேர்ந்தெடுக்க முடியும். வளர வழியில்லாத இன்னோர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடாமல் இருக்க, நேர்காணலின் கடைசியில் நீங்களும் அவர்களைக் கேளுங்கள்: இரவு அழைப்புப் பொறுப்பு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும், சென்ற மாதம் எத்தனை முறை யாரையாவது எழுப்ப நேர்ந்தது, ஒரு சிறு மாற்றம் புரொடக்ஷனுக்குப் போக எவ்வளவு நாள் ஆகிறது, கடைசியாகச் சேவை நின்றபோது பிறகு என்ன செய்தார்கள். நான்காவது கேள்விக்கு, தவறு செய்தவரின் பெயரைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கும் குழுவில் சேராதீர்கள்.

பணி நியமனம் எழுத்தில் கைக்கு வந்து, சேர வேண்டிய தேதி உங்கள் நோட்டீஸ் காலத்துக்குப் பொருந்துகிறது என்று உறுதியான பிறகே ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். அதுவரை, நாளையிலிருந்து இரண்டு வாரங்களுக்கு ஒரு விண்ணப்பமும் அனுப்பாமல், அந்த ஐந்தாறு நிகழ்வுகளை எழுதி முடியுங்கள். எழுதியவற்றில் ஒன்றை இத்துறையில் இல்லாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள், எங்கே அவர் "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்கிறாரோ, அந்த நிகழ்வை ரெஸ்யூமேயில் முதலில் வையுங்கள்.