எழுத்து நடையை வைத்து எழுதியவரைக் கண்டறியும் ஆய்வை, விழித்திரைப் படம் பார்த்து நோய் சொல்வதைப் போல நம்பலாமா?

"விழித்திரைப் படத்தைப் பார்த்து நீரிழிவின் பாதிப்பைச் சொல்லிவிடுகிறார்கள், அதைப் போலவே கடிதத்தின் நடையைப் பார்த்து எழுதியவர் இன்னார் என்று கூறும் ஆய்வையும் நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொழுதுபோக்காகக் கேட்ட கேள்வியாக இது எனக்குத் தோன்றவில்லை. உங்கள் பெயரோ உங்களுக்கு வேண்டியவர் ஒருவரின் பெயரோ அத்தகைய அறிக்கை ஒன்றில் இடம்பெற்றிருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். என் பெயரும் ஒன்றில் இடம்பெற்றது. நான் கண் மருத்துவர் இல்லை, மொழியியல் அறிஞரும் இல்லை. விழித்திரைப் படங்களை வாசித்து, நோயின் கடுமையைத் தரம் பிரிக்கும் மையம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். இரண்டையும் ஒப்பிட எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஒன்றைச் செய்தும் மற்றொன்றுக்கு ஆளாகியும் அறிந்தவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

என் எட்டாம் ஆண்டில், மையத்தின் தலைமைக்கு எதிராகக் கையொப்பமில்லாத கடிதம் ஒன்று மேலிடத்துக்குப் போனது. ஏறத்தாழ 300 சொற்கள் இருக்கும். ஒரே நாளில் அளவுக்கு மீறிய படங்களை வாசிக்கச் சொல்கிறார்கள், இரண்டாம் வாசிப்பை நடத்தாமலேயே நடந்ததாகக் குறிக்கிறார்கள் என்பது புகார். அதில் இருந்தவை பெரும்பாலும் உண்மை என்பதே என் எண்ணம். ஆயினும் அதை நான் எழுதவில்லை. நிர்வாகம் மூன்று பேரைச் சந்தேகித்தது. மூவரின் பழைய வாசிப்புக் குறிப்புகளையும் கடிதத்தையும் ஏதோ ஒரு மென்பொருளிடம் கொடுத்து, இரண்டு பக்க அறிக்கை ஒன்றைப் பெற்றது. மூவருள் என் நடையே கடிதத்துக்கு மிக அருகில் இருக்கிறது என்றும், "எனினும்", "காணப்படுகிறது", "குறிப்பிடத்தக்க அளவில்" ஆகியவற்றை நான் கையாளும் விகிதமும் கடிதத்தில் உள்ள விகிதமும் ஒத்துப்போகின்றன என்றும் அது கூறியது. என்னை அழைத்துப் பேசிய அதிகாரி, "படத்தைப் பார்த்து நீங்கள் நோயைச் சொல்கிறீர்கள் அல்லவா, சார்? இதுவும் அதே மாதிரிதான்" என்றார். உங்கள் கேள்வியைப் படித்ததும் அவர் குரல்தான் காதில் கேட்டது.

நாங்கள் நோயைச் சொன்ன விதம் அவருக்குத் தெரியாது. விழித்திரைப் படத்தில் செந்நிறப் புள்ளி ஒன்று தெரிந்தால், அது நுண்நாளத்தின் புடைப்பா, சிறு இரத்தக்கசிவா என்று முதலில் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறப் படிவு இருந்தால், அது நாளங்களிலிருந்து கசிந்த கொழுப்பாகவும் இருக்கலாம், வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா சிதையும்போது காணும் ட்ரூசன் என்ற படிவாகவும் இருக்கலாம். முன்னது விழித்திரைக்குள்ளேயே தங்குவது, பின்னது அதன் அடியில் சேர்வது. தட்டையான படத்தில் இந்த ஆழம் தெரியாது என்பதால், ஐயம் வந்தால், விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி ஸ்கேனைக் கேட்போம். நோய் கடுமையான நிலையை எட்டிவிட்டது என்று சொல்வதற்கும் எண்ணிக்கையோடு கூடிய விதி உண்டு: விழித்திரையின் நான்கு கால்வட்டங்களிலும் மிகுதியான இரத்தக்கசிவு, அல்லது இரண்டிலேனும் சிரைகள் மணிகோத்ததுபோலப் புடைத்திருத்தல், அல்லது ஒன்றிலேனும் நுண்நாளங்கள் தாறுமாறாகக் கிளைத்திருத்தல். இவ்வளவு விதிகள் இருந்தும், தேர்ந்த வாசிப்பாளர் இருவர் ஒரே படத்துக்கு வெவ்வேறு தரம் எழுதுவது அன்றாட நிகழ்ச்சி. அதனால்தான் ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் இருவர் வாசிப்பதும், மாறுபட்டால் மூன்றாமவர் தீர்ப்பதும் முறையாக வைக்கப்பட்டிருந்தன. கடிதம் புகார் சொன்னதும் இந்த முறை கைவிடப்பட்டதைப் பற்றித்தான்.

எங்கள் படிவத்தில் "தரம் பிரிக்க இயலாது" என்ற கட்டமும் ஒன்று உண்டு. கண்புரையால் படம் மங்கியிருந்தாலோ, கண்மணி போதிய அளவு விரியாமல் ஓரங்கள் இருண்டிருந்தாலோ, அந்தக் கட்டத்தில் குறியிட்டு, கண் மருத்துவரிடம் நேரில் அனுப்பும்படி எழுதிவிடுவோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதில் குறியிடக் கூச்சப்படுவார்கள். தெரியவில்லை என்று எழுதுவது திறமைக் குறைவாகப் பட்டுவிடுமோ என்ற பயம். இயந்திரங்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. 2018 ஏப்ரலில், மருத்துவரின் துணையின்றி நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறியும் கருவி ஒன்றுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முதன்முதலாக ஒப்புதல் அளித்தது. அதுவும் படத்தின் தரம் போதாதபோது முடிவு சொல்லாமல், மீண்டும் படம் எடுக்கும்படி கேட்கும். எனக்கு வந்த அறிக்கையில் அப்படி ஒரு கட்டம் இல்லை. மூவரைக் கொடுத்து "யார் அருகில்?" என்று கேட்டால் யாராவது ஒருவர் அருகில் இருந்தே தீர வேண்டும். கடிதத்தை நான்காமவர் ஒருவர் எழுதியிருந்தாலும் அந்த மென்பொருள் எங்கள் மூவருள் ஒருவரைத்தான் காட்டியிருக்கும்.

நடை ஆய்வே பொய் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது மதிப்புக்குரிய துறை. உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் பார்க்க உதவிய கண்நோக்கியைப் பற்றி ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் நூல் வெளியிட்ட அதே 1851-ஆம் ஆண்டில்தான், கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன், சொற்களின் சராசரி நீளத்தைக் கணக்கிட்டால் பைபிளில் பவுலின் பெயரில் வழங்கும் நிருபங்களை எழுதியவர் ஒருவரா பலரா என்று அறியக்கூடும் என்று கடிதம் ஒன்றில் எழுதினார். இது தற்செயல் ஒற்றுமைதான். ஆனாலும் எனக்குப் பிடித்த ஒற்றுமை. சொற்களின் நீளத்தை எண்ணும் அந்த முறையை, 1887-இல் அமெரிக்க இயற்பியலாளர் மெண்டன்ஹால் வேறு எழுத்தாளர்களின் நூல்களில் செய்து பார்த்தார். சொல்லின் நீளம் அவ்வளவாகப் பயன்படவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

பயன்பட்டவை, எழுதுபவரே கவனிக்காத சிறு சொற்கள். அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787, 1788 ஆண்டுகளில் ஒரே புனைபெயரில் வெளிவந்த 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளுள் 12 கட்டுரைகளை எழுதியவர், அந்நாட்டுத் தலைவர்களான ஹாமில்டன், மாடிசன் இருவருள் யார் என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. மாஸ்டெல்லர், வாலஸ் என்ற புள்ளியியலாளர் இருவர் 1964-இல் வெளியிட்ட நூலில் அவை மாடிசனுடையவை என்று வலுவாக நிறுவினார்கள். "அப்பான்" (upon, "மேல்" என்று பொருள்) என்ற ஆங்கிலச் சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொற்களுக்கு ஏறத்தாழ மூன்று முறை எழுதுகிறார். மாடிசன் பல ஆயிரம் சொற்களுக்கு ஒருமுறை எழுதினால் அதிகம். இப்படிப்பட்ட பல சொற்களைச் சேர்த்து எடைபோட்டதில் விடை கிடைத்தது.

ஆனால் அங்கே இருந்த வசதிகளைப் பாருங்கள். இருவருள் ஒருவரே எழுதியவர் என்பதை வரலாற்றுச் சான்றுகள் முன்பே உறுதிசெய்திருந்தன. ஒப்பிடக் கிடைத்தவையும் அதே காலத்தில் அதே வகையில் அவர்கள் எழுதிய கட்டுரைகள். அளவும் தாராளம். ஆயிரத்துக்கு மூன்று முறை வரும் சொல், 300 சொற்கள் கொண்ட கடிதத்தில் சராசரியாக ஒருமுறைதான் வரும். அது ஒருமுறைகூட வராமல் போவதற்கு, எளிய கணக்கின்படியே, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்புண்டு. ஒருமுறை வந்தது, வரவில்லை என்பதை வைத்து ஒருவருடைய வேலையில் கைவைக்க முடியுமா? என்னிடம் அதைத்தான் செய்தார்கள்.

அறிக்கையை இரண்டு இரவுகள் படித்த பிறகுதான் அதன் பெரிய கோளாறு எனக்குப் பிடிபட்டது; பிடிபடக் காரணமும் என் தொழில்தான். படக்கருவியின் வில்லையில் தூசி ஒட்டியிருந்தால், அது விழித்திரைப் படத்தில் சிறு புள்ளியாக விழும். தனிப்படம் ஒன்றை மட்டும் பார்ப்பவர் அதை நோயின் அடையாளமாகவே எடுத்துக்கொள்வார். அடுத்தடுத்த நோயாளிகளின் படங்களைப் புரட்டினால் அதே புள்ளி அதே இடத்தில் இருக்கும். அப்போதுதான் அது எந்தக் கண்ணுக்கும் உரியதன்று என்பது தெரியும். "காணப்படுகிறது", "குறிப்பிடத்தக்க அளவில்" ஆகியவை அத்தகைய தூசிதான். எங்கள் மையத்தின் அச்சடித்த குறிப்புப் படிவத்திலேயே அந்தத் தொடர்கள் இருந்தன. ஆண்டுக்கணக்கில் அவற்றை நிரப்பிய எவர் கையிலும் அவை ஒட்டிக்கொள்ளும். மற்ற இருவரும் புதியவர்கள், நான் பழையவன். கடிதம் எழுதியவரும் பழைய கை என்பதற்கு மேல் அந்த அறிக்கை எதையும் காட்டவில்லை. சந்தேகப் பட்டியலில் சேர்க்கப்படாத ஆறு பழைய வாசிப்பாளர்களின் குறிப்புகளை, பெயரையும் நோயாளி விவரங்களையும் மறைத்து எடுத்துப்போய், அவர்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்று கேட்டேன். கணக்கிட்டார்களா என்பது எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. விசாரணை "முடிவு எட்டப்படவில்லை" என்ற குறிப்போடு மூடப்பட்டது. ஆனால் என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அடுத்த ஆண்டு நானே வெளியேறினேன்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் தரம் பிரித்த படங்களை வைத்து ஆய்வுக் கட்டுரைகள் பல வெளிவந்தன. அவற்றில் எங்கள் பெயர்கள் ஆசிரியர் வரிசையில் இருக்காது. சிலவற்றில் நன்றியுரையில்கூட "பயிற்சி பெற்ற வாசிப்பாளர்கள்" என்ற அளவோடு நின்றுவிடும். பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழுவின் விதிப்படி, கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு இல்லாதவர் ஆசிரியர் ஆக முடியாது என்பதை அறிவேன். அந்த விதியைக் குறை கூறவும் இல்லை. ஆனால் எழுதுவதற்கு எங்களை அழைத்திருந்தால்தானே பங்கு இருக்கும்? ஒன்பது ஆண்டுகளில் என் பெயரை ஒரு எழுத்துக்கு உரியவராக அந்த மையம் குறித்தது ஒரே ஒருமுறை. அதுவும் நான் எழுதாத கடிதத்துக்கு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அறிக்கையைப் பார்த்து மனம் கலங்க வேண்டாம். ஒப்பிட்டவர்கள் எத்தனை பேர், அவர்களைத் தேர்ந்தெடுத்தது யார், "இவர்களுள் எவரும் இல்லை" என்ற விடைக்கு அதில் இடம் உண்டா என்று எழுத்து மூலம் கேளுங்கள். ஒப்பிடப்பட்ட எழுத்துகள் ஒரே வகையைச் சேர்ந்தவையா என்பதையும் கேட்க வேண்டும். ஒருவர் நண்பருக்கு எழுதும் நடையும் புகார் எழுதும் நடையும் ஒன்றாக இருப்பதில்லை. இதே முறையை, எழுதியவர் யார் என்று ஏற்கெனவே தெரிந்த அதே நீளமுள்ள கடிதங்களில் சோதித்து, எத்தனை முறை தவறியது என்று காட்டச் சொல்லுங்கள். கண் நோய்க் கருவி எதுவும் அந்தக் கணக்கைக் காட்டாமல் ஒப்புதல் பெறுவதில்லை.

அந்தக் கடிதத்தை எழுதியவர் யார் என்று இன்றும் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. "ஆகையினால்" என்ற சொல்லைக் கடிதத்தில் இருமுறை பார்த்தேன்; அதை அப்படி எழுதும் ஒருவரை எனக்குத் தெரியும். ஆனால் என் கையில் இருப்பது அந்த ஒரு சொல் மட்டும்தான் என்பதால், அவர் பெயரை இதுவரை எவரிடமும் சொல்லவில்லை.