கதையின் மனநிலையும் அந்தரங்கக் காட்சிகளும்: கேள்வி பதில்

ஓய்வு நேரத்தில் கதை எழுதுகிறவர்கள் கேட்ட கேள்விகளில் எனக்குப் பதில் தெரிந்தவை இவை.

கேள்வி: சோகக் கதை எழுதினால் பக்கம் பக்கமாக அழுகைதான் வருகிறது. படிப்பவருக்கோ ஒன்றும் ஆவதில்லை. ஏன்?

பாத்திரமே அழுது தீர்த்துவிட்டால் வாசகருக்கு என்ன மிச்சம்? உங்கள் கதையில் கணவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்தப் பெண் ஒன்றரைப் பக்கம் புலம்புகிறார். அதை வெட்டிவிடுங்கள். மழைக்காலம். முந்தின நாள் கணவரே துவைத்துப் போட்ட லுங்கி கொடியில் கிடக்கிறது. அந்தப் பெண் தொட்டுப் பார்க்கிறார், ஓரத்தில் இன்னும் ஈரம். எடுத்து மடிப்பதா, திருப்பிப் போடுவதா என்று தெரியாமல் நிற்கிறார். இது போதும்.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எட்டாகச் சொல்கிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). எழுத உட்காரும் முன் இதில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இன்னொன்று ஊடே வரலாம். ஆனால் எது ஓங்கி நிற்கிறது என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

கேள்வி: படுக்கையறைக் காட்சியை எதுவரை எழுதலாம்?

அந்த இரவுக்குப் பிறகு இருவருக்கும் நடுவே ஏதாவது மாறுகிறதா? மாறினால், அந்த மாற்றம் புரிகிற அளவுக்கு எழுதுங்கள். மாறவில்லையென்றால் நேரே மறுநாள் காலைக்குப் போய்விடுங்கள். அப்புறம், இருவருக்கும் 18 வயது நிறைந்திருப்பது கதையிலேயே ஐயமில்லாமல் தெரிய வேண்டும்.

கேள்வி: மறுநாள் காலைக்குத் தாவுவது பயந்தாங்கொள்ளித்தனம். சங்கப் பாட்டில் தோளும் முலையும் கூச்சமில்லாமல் வருகின்றனவே?

வருகின்றன, நன்றாகவே வருகின்றன. வருவது எதற்காக என்று பாருங்கள். குறுந்தொகை 399இல் பரணரின் தலைவி பேசுகிறாள். ஊரார் நீருண்ணும் கேணியில் படர்ந்த பாசி போன்றதாம் அவள் பசலை, அதாவது பிரிவில் மேனியில் படரும் வெளிறல். காதலன் தொடத் தொட விலகுகிறது, விட விடப் பரவுகிறது. தொடுதல்தான் பாட்டே. ஆனால் நம் மனதில் நிற்பது அவன் கை எடுத்ததும் அவளுக்கு நேர்கிற தவிப்பு. அந்தத் தவிப்பைக் கொண்டுவர முடிந்தால் எவ்வளவு வெளிப்படையாகவும் எழுதுங்கள்.

கேள்வி (வேறொருவர்): முன்னவர் சொன்னதுதான் சரி. நாசூக்கு என்று சொல்லிச் சொல்லியே பெண்ணின் ஆசையை மூடிவிட்டோம்.

இதில் எனக்கு முழு உடன்பாடு. பரணர் பாட்டில் பேசுவதும் பெண்தானே. ஆனால் என்னிடம் வரும் 'துணிச்சலான' கதைகளில் அவள் ஆசை எங்கே இருக்கிறது? அவள் உடம்பு அங்கம் அங்கமாக வருகிறது, அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு வரி கிடையாது. அதே காட்சியை அவள் வாயால் சொல்ல வைத்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். பாதி வருணனை தானாக உதிரும். மிஞ்சுவதை நானும் வெட்டச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: தலைப்பின் கீழ் எச்சரிக்கை போட்டால் திருப்பம் கெட்டுவிடாதா?

கெடாது. 'பாலியல் வன்முறை உண்டு' என்பது போதும், யார் யாருக்குச் செய்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒன்றை அனுபவித்தவர் தயாரில்லாத நேரத்தில் அதைப் படிக்க நேர்வதைவிட உங்கள் திருப்பம் பெரிதில்லை.

கேள்வி: படுக்கையறைக் காட்சி இருந்தால்தான் நிறையப் பேர் படிப்பார்களா?

இதையே மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். படுக்கையறைக் காட்சி பற்றிய பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பிளஸ் டூ காதல் கதை. கொஞ்சம் நெருக்கமான காட்சி வைக்கலாமா?

வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டுவதைக் குற்றமாக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு படங்களோடு எழுத்தையும் சேர்த்தே பேசுகிறது, 18 வயது நிறையாதவர் அதன் கணக்கில் குழந்தைதான். சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுவே. அந்த வயதுக் காதலுக்குப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பதே ஒரு முழுக் கதை.

கேள்வி: கிண்டிலில் போட்டால் எவ்வளவு வரும்?

விற்பனை என் துறை இல்லை. அங்கே புத்தகம் போட்டவர்களைக் கேளுங்கள்.