ரன்ட்சாவின் குளிர்காலப் படையெடுப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

டென்மார்க்கும் சுவீடனும் 1563 முதல் 1570 வரை மோதிய ஏழாண்டுப் போர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். டென்மார்க்கின் தளபதி டேனியல் ரன்ட்சாவ் 1567-இல் சுவீடனுக்குள் அவ்வளவு தூரம் போயிருக்கிறார். அப்படியே ஸ்டாக்ஹோமுக்குப் போய் போரை முடித்திருக்கலாமே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முடிந்திருக்காது. ரன்ட்சாவிடம் இருந்தது எட்டாயிரத்துச் சொச்சம் பேர், பெரும்பாலும் கூலிப்படையினர். அக்டோபரில், அப்போது டென்மார்க் வசமிருந்த ஹால்ம்ஸ்டாடிலிருந்து கிளம்பினார்கள். குளிர்காலம் நெருங்கும்போது கிளம்பியதற்குக் காரணம் இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் சுவீடன் அரசர் 14ஆம் ஏரிக், உப்சாலா கோட்டையில் ஸ்தூரே என்ற பிரபுக் குடும்பத்தாரைக் கொன்றுவிட்டுப் புத்தி பேதலித்துப் போயிருந்தார். நாட்டை ஆள ஆளில்லை.

ஆனால் படைக்குச் சோறு வேண்டுமே. சுவீடன்காரர்கள் பின்வாங்கும்போது யோன்ஷோப்பிங் நகரைத் தாங்களே கொளுத்திவிட்டார்கள். மிச்சமிருந்ததை டென்மார்க் படை கொளுத்தியது. வாட்ஸ்டேனா எரிந்தது, அல்வாஸ்த்ரா மடமும் தப்பவில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து எரித்த அந்த ஊர்களின் மக்கள் நடுக்குளிரில் எங்கே போயிருப்பார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் ஆறாத விஷயம். தளபதியின் திறமையைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

எதிர்பார்த்த துணைப்படை வரவே இல்லை. பணமும் தட்டுப்பாடு. பால்டிக் கடலின் வாயிலான சவுண்ட் நீரிணையில் டென்மார்க் வசூலித்த சுங்கம் கப்பலுக்கு இவ்வளவு என்றிருந்ததைச் சரக்குக்கு இவ்வளவு என்று டென்மார்க்கின் நிதியைக் கவனித்த பேடர் ஒக்ஸ மாற்றியதும் அதே 1567-இல்தான். போர்ச்செலவு அந்த அளவுக்குக் கழுத்தை நெரித்தது.

திரும்பும்போது ஹோலாவேடன் காட்டுப் பாதையை சுவீடன்காரர்கள் மரங்களை வெட்டிச் சாய்த்து அடைத்துவிட்டார்கள். ரன்ட்சாவ் காட்டை விட்டுவிட்டு, உறைந்து கிடந்த சொம்மன் ஏரியின் மேல் குதிரைகளோடும் வண்டிகளோடும் மொத்தப் படையையும் நடத்திப் போனார். 1568 பிப்ரவரியில் ஹால்ம்ஸ்டாட் வந்து சேர்ந்தார்கள். அபாரமான பின்வாங்கல், சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே பிடித்த ஒரு ஊரும் கையில் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் வார்பெர்க் கோட்டை முற்றுகையில் ரன்ட்சாவும் இறந்துபோனார்.

1570 டிசம்பரில் ஷ்டெட்டினில் சமாதானம் பேசியபோது டென்மார்க்குக்குக் கைகொடுத்தது இந்தப் படையெடுப்பு அல்ல. போர் தொடங்கிய 1563-லேயே பிடித்து, கடைசிவரை விடாமல் வைத்திருந்த ஆல்வ்ஸ்போர்க் கோட்டைதான். மேற்குக் கடலுக்கு சுவீடனுக்கு இருந்த ஒரே வாசல் அது. அதை மீட்கத்தான் 1,50,000 டாலர் வெள்ளி நாணயங்கள் தர சுவீடன்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள்.