ப்ராஜெக்ட் கடைக்கு 1,200 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: 2004-ல் தாராவியிலிருந்து செம்பூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. மகள் ஒன்பதாம் வகுப்பு. ‘மும்பை மக்கள்தொகை’ ப்ராஜெக்டுக்கு அட்டவணை எடுத்து பார் சார்ட்டும் போட்டுவிட்டாள். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் முழிக்கிறாள். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் 1,200 ரூபாய்க்கு முடித்துத் தருகிறார்களாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தக் கடைகளில் இருப்பது ஒரே ஃபைல், முதல் பக்கத்தில் பெயர் மட்டும் மாறும். ஒரே வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரே எழுத்துப்பிழையோடு கொண்டுவந்ததைத் திருத்தியிருக்கிறேன். ஸ்பைரல் பைண்டிங் அழகுக்கே மதிப்பெண் போடும் பள்ளிகளும் உண்டு. அது தனி வயிற்றெரிச்சல்.

உங்கள் மகளுக்கு எழுதத் தெரியாமல் இல்லை, எண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்க யாரும் பழக்கவில்லை. இன்று ராத்திரி அட்டவணையோடு சேர்ந்து உட்காருங்கள். கணக்கெடுப்பில் மும்பை இரண்டு மாவட்டம். நகர மாவட்டத்தில் 2001-ல் 33,38,031 பேர், 2011-ல் 30,85,411. குறைந்திருக்கிறது! புறநகரிலோ 86,40,419 என்பது 93,56,962 ஆகியிருக்கிறது. தாராவி நகர மாவட்டம், செம்பூர் புறநகர். “அப்படியானால் நம்ம வீட்டு ஆட்கள் எதில் கழிந்து எதில் கூடினார்கள்?” என்று கேளுங்கள். பதிலை முதலில் தமிழில் வாயால் சொல்லட்டும். அதையே எழுதினால் முதல் பத்தி தயார்.

ஆனால் “வாடகை ஏறியதால் எல்லோரும் போய்விட்டார்கள்” என்று எழுத விடாதீர்கள். அட்டவணை எத்தனை பேர் என்றுதான் சொல்கிறது, ஏன் என்று சொல்லவில்லை. உங்கள் கதையை ‘எங்கள் வீட்டில்’ என்று தொடங்கி எழுதலாம்.

அப்புறம், உங்கள் குடியிருப்பு சொசைட்டியில் சில வீடுகளில் கேட்டு எழுதுவதாக இருந்தால், சதவீதம் மட்டும் வேண்டாம். 12 வீட்டில் 3 வீடு என்பதை 25 சதவீதம் என்று போட்டால், ஏதோ ஆயிரம் பேரைக் கேட்ட மாதிரி தெரியும். இன்னும் ஒரே ஒரு வீடு மாற்றிச் சொல்லியிருந்தால் அது 33 ஆகிவிடும். ‘12-ல் 3’ என்றே எழுதட்டும். டீச்சர் சதவீதம் கேட்டால் அடைப்புக்குறிக்குள் போடலாம், ஆனால் 12 என்ற எண் மறையக் கூடாது.

2011 பழசாயிற்றே என்றும் டீச்சர் கேட்பார். 2021-ல் எடுக்கவேண்டிய கணக்கெடுப்பை அப்போது எடுக்கவே இல்லை என்று மகளே எழுதட்டும். யூட்யூபில் வரும் ‘இன்றைய மக்கள்தொகை’ வெறும் மதிப்பீடு, யாரும் வீடு வீடாகப் போய் எண்ணியதல்ல.