கன்றிய தொடையும் கன்னியா வெந்நீரும்: வாசகர் கேள்விகள்

ஈம் ஒட்சிசனேஸ்-1 என்ற நொதியத்தைப் பற்றி, அது தகைப்புக்கு எழுந்து கலத்தைக் காக்கும் நொதியம் என்று, போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். திருகோணமலையின் நாலா பக்கமிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. பாதிப் பேர் கேட்டிருப்பது "இதைக் கூட்டும் மாத்திரையை எந்தக் கடையில் வாங்கலாம்?" என்றுதான். அவர்களைக் கடைசியில் நிறுத்தியிருக்கிறேன், பொறுத்தருளவும்.

உப்புவெளி, ஒரு தாய்: கடற்கரையில் விளையாடும்போது பந்து பட்டு மகனின் தொடை கன்றிவிட்டது. முதலில் ஊதா நிறம். ஐந்தாம் நாள் பார்த்தால் பச்சை. உள்ளே சீழ் பிடித்துவிட்டதா?

இல்லை அம்மா. நீங்கள் பார்த்துப் பயந்த அந்தப் பச்சைதான் நான் எழுதிய நொதியத்தின் கைவேலை. அடிபட்ட இடத்தில் நுண்ணிய குருதிக்குழாய்கள் உடைந்து செங்குழியங்கள் கசிகின்றன. அவற்றை விழுங்கும் தின்குழியங்களுக்குள் குருதிக்குச் செந்நிறம் தரும், நடுவே இரும்பைக் கொண்ட ஈம் என்ற வளையத்தை இந்த நொதியம் வெட்டித் திறக்கிறது. வெட்டியதும் மூன்று பொருள்கள் கிடைக்கின்றன: பச்சை நிறமான பிலிவேர்டின், சிறிதளவு காபனோரொட்சைட்டு, இரும்பு. பச்சையை இன்னொரு நொதியம் மஞ்சள் நிறப் பிலிருபினாக மாற்றும். ஆகவே அடுத்து மஞ்சளைப் பார்ப்பீர்கள். பிறகு தங்கிய இரும்பால் கொஞ்சம் பழுப்பு. அதுவும் மெல்ல மறையும். தொடையில் நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மண்ணீரலில் இதே வேலை ஓயாமல் நடக்கிறது. ஒரு செங்குழியத்தின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். நொடிக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவை நம் உடலில் முதுமையடைந்து கழிகின்றன. இந்த வெட்டும் வேலையைச் செய்வது ஒரு நொதியம் என்று டென்ஹூனன், மார்வர், ஷ்மிட் ஆகிய மூவர் 1968இல் காட்டினார்கள்.

கன்றிய இடம் சூடாகிச் சிவந்து, வலி கூடி, காய்ச்சலும் வந்தால் அது வேறு கதை. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிண்ணியா, மாணவர்: காபனோரொட்சைட்டு நஞ்சு அல்லவா?

மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடினால் கொல்லும் அதே வாயுதான். உடல் தானாக ஆக்கும் அளவு மிகச் சொற்பம், மூச்சோடு வெளியேறிவிடுகிறது. அந்தச் சொற்ப அளவு குருதிக்குழாயைத் தளர்த்தவும் அழற்சியைத் தணிக்கவும் உதவுகிறது.

நகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: 'தகைப்புக்கு எழும் நொதியம்' என்கிறீர்கள். மனக்கவலைக்கும் எழுமா?

இங்கே தகைப்பு என்பது கலத்தின் சங்கடம்: புற ஊதாக் கதிர், ஆசனிக், கட்மியம், புகை, கட்டவிழ்ந்து திரியும் ஈம். அமைதியான காலத்தில் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைக் கீப்1 என்ற இன்னொரு புரதம் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சங்கடம் வந்தால் கீப்1இன் பிடி நழுவும். விடுபட்ட என்ஆர்எஃப்2 கலத்தின் கருவுக்குள் போய், 22ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள இந்த நொதியத்தின் பரம்பரையலகை முடுக்கிவிடும்.

பாலையூற்று வாசகர்: கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் வாரம் ஒருமுறை குளிக்கிறேன். வெப்பம் இந்த நொதியத்தைக் கூட்டும் என்கிறார்களே?

எலியின் கலங்களைச் சூடாக்கினால் கூடும். வெப்பம் தாக்கும்போது கலம் ஆக்கும் 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின்' வரிசையிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. மனிதக் கலங்கள் பெரும்பாலும் வெப்பத்துக்கு அப்படி மசிவதில்லை. குளிப்பது சுகமாக இருக்கிறது என்பதே போதுமான காரணம், தொடர்ந்து குளியுங்கள்.

தம்பலகாமம், ஒரு மகள்: அம்மாவுக்கு மறதி நோய். முதுமையில் இந்த நொதியம் குறைவதால் வருகிறதா?

இதைத்தான் பலர் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள். நொதியம் அறவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது 1999இல் வெளியான ஒரு ஜப்பானியச் சிறுவனின் விவரத்தில் தெரிந்தது: செங்குழியங்கள் சிதைந்தன, குருதிக்குழாயின் உட்சுவர் பழுதானது, அழற்சி அடங்கவில்லை. ஆறு வயதில் அவன் இறந்தான். மறதி நோய்களில் ஒன்றான அல்ஸைமர் வந்தவர்களின் மூளையிலோ நிலைமை வேறு. நரம்புக் கலங்களைப் பேணும் துணைக் கலங்களில் இந்த நொதியம் அளவுக்கு மிஞ்சிக் காணப்படுகிறது. அங்கே வெட்டு நிற்காமல் நடந்தால் விடுபடும் இரும்பு, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளில் படிந்து பழுதை வளர்க்கும் என்பது மொன்றியலைச் சேர்ந்த ஹைமன் ஷிப்பர் முன்வைத்த கருத்து. புற்றுக் கலங்களும் தம்மைக் காத்துக்கொள்ள இதே நொதியத்தைக் கூட்டிக்கொள்வதுண்டு. தேவைக்கு எழுந்து தேவை முடிந்ததும் அடங்குவதுதான் இதன் இயல்பு. வயது ஏற ஏற எழுவதும் தாமதமாகிறது, அடங்குவதும் தடுமாறுகிறது. உங்கள் அம்மாவுக்கு இதனால்தான் மறதி என்று எவராலும் சொல்ல முடியாது. இதைக் கூட்டியோ குறைத்தோ மறதியைத் தீர்க்கும் மருந்தும் இன்று இல்லை.

மூதூர் வாசகர்: நோன்புக் காலத்தில் கண் இலேசாக மஞ்சளாகிறது. பிலிருபின் சற்றுக் கூட, மற்றவை சரி. 'கில்பேர்ட்' என்று டொக்டர் சொன்னார். செங்கண்மாரியா?

ஈரல் அழற்சியால் வரும் செங்கண்மாரி இல்லை. பிலிருபினைக் கழிக்கும் ஈரல் நொதியம் உங்களுக்குப் பிறப்பிலேயே கொஞ்சம் மந்தம். பசித்திருந்தால் அளவு ஏறும். தீங்கில்லை. இத்தகையோருக்கு இதயநோய் குறைவு என்று பல ஆய்வுகள் கண்டன; பிலிருபின்தான் காரணமா என்பது தீர்ந்தபாடில்லை. ஆனால் பச்சிளங்குழந்தைக்கு இதே ஆறுதலைச் சொல்லிவிடாதீர்கள். பிலிருபின் மிதமிஞ்சினால் அதன் மூளை கெடும். காலை வெயிலில் காட்டிக்கொண்டு நாளைக் கடத்தாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

மிச்சமுள்ள அனைவரும்: நொதியத்தைக் கூட்ட, சமையல் மஞ்சளில் செய்த மாத்திரை வாங்கலாமா?

வேண்டாம். கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்களில், மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் இந்த நொதியத்தைக் கூட்டுவது உண்மை. வாயால் விழுங்கினால் குருதியில் சேர்வது சொற்பம். அதைச் சரிக்கட்ட மிளகுச் சாரம் சேர்த்து விற்கும் மாத்திரைகளால் ஈரல் பழுதானவர்கள் இருக்கிறார்கள். மீன் குழம்பில் போடும் மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நொதியத்தைக் கூட்டும் பொருளெல்லாம் நல்லது என்று வாதிட்ட அன்பருக்கு ஒரு செய்தி: சிகரெட் புகையும் அதைக் கூட்டும்.